தகப்பன் சொன்னது சரிதான்

மகளின் மனம் பாராமல் மாப்பிள்ளை பார்த்துக் கழுத்தில் கட்டும் அப்பாக்களுக்கு உலக இலக்கியத்தில் பஞ்சமில்லை. பாரிஸ் பிரபுவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்ற ஜூலியட்டிடம், அப்படியானால் தெருவில் பிச்சையெடுத்துச் சாக வேண்டியதுதான் என்று கத்துகிறார் அவள் அப்பா. ரிச்சர்ட்ஸனின் ‘கிளாரிஸா’வில் அப்பா, அண்ணன், அக்கா, சித்தப்பாமார் என்று குடும்பமே திரண்டு நின்று, அவளுக்குப் பார்க்கவே கூசும் ஒரு பணக்காரனுக்குத் தலையாட்டச் சொல்லி அவளை வீட்டுக்குள் அடைத்து வைக்கிறது. இந்த அப்பாக்களைப் படிக்கும்போது நமக்கு மனக்குழப்பம் எதுவும் வருவதில்லை. பெண் பக்கம் நியாயம், அப்பா பக்கம் அநியாயம் என்று எழுத்தாளரே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்.

குழப்பம் தருகிற அப்பாக்கள் வேறு சிலர். இவனைக் கட்டு என்று அவர்கள் சொல்வதில்லை; அவனைக் கட்டாதே என்கிறார்கள். மகள் மனசில் வைத்திருக்கும் பையனைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கு கடைசியில் அச்சு அசலாகப் பலித்தும் விடுகிறது. அவன் பணத்துக்கு அலைபவன்தான். அவளை விட்டுப் போகிறவன்தான். ஆனாலும் புத்தகத்தை மூடும்போது, பையன் மேல் வருகிற கோபத்தைவிட அப்பா மேல் வருகிற கோபம் பெரிதாக இருக்கிறது. சரியாகச் சொன்ன ஒருவர் மேல் இவ்வளவு கோபம் ஏன்? இந்தக் கேள்விக்காகவே இரண்டு நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒன்று 1833-இல் வந்த பால்சாக்கின் ‘யூஜெனி கிராந்தே’. மற்றது 1880-இல் வந்த ஹென்றி ஜேம்ஸின் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’.

இரண்டும் ஒரே வீட்டின் இரு தோற்றம் போல இருப்பது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. ஜேம்ஸுக்குப் பால்சாக் ஆசான். 1875-இல் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். முப்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், பால்சாக்கிடம் நாவலாசிரியன் கற்க வேண்டிய பாடம் என்ன என்று சொற்பொழிவு செய்தார். ஆனால் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’ கதையின் வித்து நிஜ வாழ்க்கையிலிருந்து கிடைத்தது. நடிகை ஃபேனி கெம்பிள் 1879-இல் ஒரு மாலை அவரிடம், தன் தம்பி ஒரு கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவரின் மகளை நிச்சயம் செய்துகொண்ட கதையைச் சொன்னார். பெண் அழகில்லை, சூட்டிகையும் இல்லை, சொத்து உண்டு. அவனைக் கட்டினால் ஒரு பைசா தரமாட்டேன் என்றார் பெண்ணின் அப்பா. தம்பி நைசாக நழுவிவிட்டார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது, அந்தப் பெண் மறுத்துவிட்டாள். தன் தம்பியின் வண்டவாளத்தைத் தானே சொன்ன அக்காவையும் மெச்ச வேண்டும்.

ஜேம்ஸ் பின்னாளில் தன் படைப்புகளையெல்லாம் திருத்தித் திரட்டிப் பதிப்பித்தபோது இந்த நாவலைச் சேர்க்காமல் விட்டார். எழுதியவருக்கே அருமை தெரியாத புத்தகங்கள் உண்டு.

கதைகளின் எலும்புக்கூடு ஒன்றுதான். வசதியான அப்பா. ஒரே மகள், அடக்கம், பக்தி, அதிகம் பேசாத சுபாவம். வெளியிலிருந்து வரும் பகட்டான இளைஞன். அப்பாவின் மறுப்பு. நீண்ட காத்திருப்பு. கைவிடல். பிறகு, தனியாக ஒரு வீட்டில் ஒரு பணக்காரப் பெண். இதற்கு மேல் இரண்டும் பிரிகின்றன. அந்தப் பிரிவில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் கிராந்தே. பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் உள்ள சோமூர் என்ற ஒயின் ஊர். புரட்சிக்கு முன் அங்கே பீப்பாய் செய்துகொண்டிருந்தவர், ஒரு மர வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டு, புரட்சி அரசு தேவாலய நிலங்களை ஏலம் விட்டபோது அடிமாட்டு விலைக்குத் திராட்சைத் தோட்டங்களை வாங்கிப் போட்டார். 1819-இல் கதை தொடங்கும்போது அவர் ஊரிலேயே பெரிய பணக்காரர். வீட்டிலோ சர்க்கரைக்குப் பூட்டு. நவம்பர் முதல் தேதிக்கு முன் கணப்பில் நெருப்பு மூட்டக் கூடாது, மார்ச் கடைசிக்கு மேல் எரியக் கூடாது. மாடிப்படியில் ஒரு பலகை உளுத்துப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் பழைய பீப்பாய்த் தச்சர், ஆனாலும் வெகுகாலம் பலகை மாற்றப்படவில்லை.

யூஜெனியின் இருபத்து மூன்றாவது பிறந்தநாள் மாலையில் அந்த வீட்டுக் கூடத்தில் வரன்கள் வரிசை கட்டுகிறார்கள். ஒரு பக்கம் க்ரூஷோ கட்சி: நோட்டரி ஒருவர், பாதிரியார் ஒருவர், அவர்களின் மருமகனான நீதிமன்றத் தலைவர். மறுபக்கம் தெ கிராஸேன் கட்சி: வங்கிக்காரர், அவர் மனைவி, மகன் அடோல்ஃப். நீதிமன்றத் தலைவர் பூங்கொத்து கொடுக்கிறார். அடோல்ஃப் அவள் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த தையல் பெட்டி கொடுக்கிறான். மட்டமான சரக்கு, ஆனால் அவளுக்கு அது பொக்கிஷம். ஊர் முழுக்க இரண்டாகப் பிரிந்து, யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டாத குறை.

கிராந்தே இருவரில் ஒருவருக்கும் பெண் கொடுக்கப் போவதில்லை. இதைப் பால்சாக் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். பின் எதற்கு இவர்களை வீட்டுக்குள் விடுகிறார்? நோட்டரியிடம் பத்திர வேலை காசில்லாமல் நடக்கிறது. பாரிஸில் தம்பி கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டபோது, கடன்காரர்களோடு பேரம் பேச யாராவது போக வேண்டும். சொந்தக் காசில் வண்டியேறிப் போகிறார் வங்கிக்காரர் தெ கிராஸேன், சம்பந்தி ஆகிவிடலாம் என்ற நப்பாசையில். போனவர் பாரிஸிலேயே ஒரு நடிகையின் பின்னால் சுற்றிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டார் என்பது கிளைக்கதை. வயலில் ஆள் விட்டு வேலை வாங்குவது போல, வரன்களை விட்டு வேலை வாங்குகிறார் கிராந்தே. கல்யாணமாகாத மகள் அவருக்கு வருமானம் தரும் சொத்து; விற்றுவிட்டால் வருமானம் நின்றுவிடும்.

டாக்டர் ஆஸ்டின் ஸ்லோப்பருக்கு இந்த அற்பத்தனம் எதுவும் கிடையாது. நியூயார்க்கின் பேர்பெற்ற மருத்துவர், படித்தவர், நகைச்சுவை உணர்வுள்ளவர். வாஷிங்டன் சதுக்கத்தில் 1835-இல் கட்டிய அழகான வீடு. மகனை மூன்று வயதிலும், மகள் கேத்தரின் பிறந்த ஒரு வாரத்தில் மனைவியையும் இழந்தவர். மனைவி அழகி, கெட்டிக்காரி. மகள் அப்படி இல்லை. அந்த ஏமாற்றத்தை அவர் எந்நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் தொனியிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு விருந்துக்குத் தங்க விளிம்பு வைத்த சிவப்புச் சாட்டின் உடுப்பு போட்டுக்கொண்டு போகிறாள் மகள். அதைக் கண்டு அவர் அடிக்கிற நக்கல், கிராந்தேயின் சர்க்கரைப் பூட்டைவிட எனக்குக் கொடூரமாகப் படுகிறது. அவளுக்கு அது கிண்டலா பாராட்டா என்றுகூடப் புரிவதில்லை. பாராட்டாக இருக்கக்கூடிய துண்டைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

அந்த விருந்தில்தான் மோரிஸ் டவுன்ஸெண்ட் வருகிறான். பார்க்க அழகன், பேச்சில் தேன். இருந்த சிறு சொத்தைத் தின்று தீர்த்துவிட்டு, ஐந்து குழந்தைகளோடு விதவையாக இருக்கும் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அக்கா பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதாக ஒரு சாக்கு. டாக்டர் ஒரே சாப்பாட்டில் அவனை எடை போட்டுவிடுகிறார். போட்ட எடையைச் சரிபார்க்க அந்த அக்காவையே தேடிப் போய், மிக மரியாதையாக, அவள் அழும் வரை குடைந்து கேட்கிறார். உங்கள் மகளை அவனுக்குக் கொடுக்காதீர்கள் என்று கடைசியில் அவளே சொல்லிவிடுகிறாள். துப்பு கிடைத்த திருப்தியோடு டாக்டர் வீடு திரும்புகிறார்.

இரு அப்பாக்களும் இளைஞனை மறுக்கிறார்கள். ஆனால் ஒருவர் அவனைப் பற்றி யோசிப்பதே இல்லை. மற்றவர் அவனைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறார். பாரிஸிலிருந்து வந்த, யூஜெனி மனசில் வைத்த தம்பி மகன் ஷார்ல் நல்லவனா கெட்டவனா என்பது கிராந்தேக்குப் பொருட்டே இல்லை. அவனிடம் காசில்லை, அதோடு விஷயம் முடிந்தது. செத்துப்போன அப்பாவை நினைத்து அழுகிற பையனைப் பார்த்து, போன பணத்தை நினைத்து அழாமல் போன ஆளை நினைத்து அழுகிறானே என்று வியக்கிற மனிதர் அவர். ஸ்லோப்பருக்கோ மோரிஸ் ஒரு நோய்க்குறி. தன் கணிப்பு சரியா, மகள் எவ்வளவு தூரம் தாங்குவாள் என்று பார்க்க அவருக்கு ஆர்வம். அவள் உறுதியாக நிற்பாள் போலிருக்கிறது என்று தங்கை ஆல்மண்டிடம் ஒருவித உற்சாகத்தோடு சொல்கிறார். மகளின் கல்யாணம் அவருக்கு வேடிக்கை பார்க்கிற விஷயம் ஆகிவிட்டது.

சொத்துச் சட்டத்தைக் கொஞ்சம் கவனிக்காமல் இந்த இரண்டு வீடுகளும் பிடிபடாது. விமர்சகர்கள் பாத்திரங்களின் உள்ளத்தைத் துருவும் வேகத்தில் பத்திரங்களை விட்டுவிடுகிறார்கள். பால்சாக் விடமாட்டார், ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டப்படி, அப்பா நினைத்தாலும் மகளுக்கு ஒன்றுமே இல்லாமல் செய்துவிட முடியாது. பிள்ளைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும். அம்மா இறந்தால் அம்மாவின் பங்கு நேரே மகளுக்கு. அவள் பாகப்பிரிவினை கேட்கலாம். நியூயார்க்கில் அப்படி இல்லை. உயிலை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்லோப்பர் தன் பணத்தை நாய்க்குக்கூட எழுதி வைக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு விதிவிலக்கு: கேத்தரினின் அம்மா கொண்டுவந்த, வருஷம் பத்தாயிரம் டாலர் தரும் சொத்து கேத்தரினுக்கே உரியது, அப்பாவால் தொட முடியாது. அப்பா மனம் வைத்தால் அதோடு இன்னும் இருபதாயிரம் சேரும்.

ஆக, இரண்டு வீட்டிலும் மகளின் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அம்மா வழி வந்த சொத்து. இரண்டு அம்மாக்களும் வாய் பேசாதவர்கள்; ஒருத்தி நாவல் தொடங்கும் முன்பே செத்துப்போனவள், இன்னொருத்தி புருஷனுக்குப் பயந்தே பாதி உயிராய் வாழ்ந்தவள். ஆனாலும் அவர்கள் சீதனமாகக் கொண்டுவந்ததுதான் கதையை நகர்த்துகிறது.

யூஜெனி வீட்டில் அது எப்படி நகர்கிறது என்பது மறக்க முடியாத பகுதி. ஷார்ல் இந்தியத் தீவுகளுக்குப் போய்ப் பிழைக்கக் கிளம்பும்போது, தன்னிடம் இருந்த தங்கக் காசுகள் எல்லாவற்றையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவள் பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் அப்பா ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேர்த்த அபூர்வக் காசுகள். அப்பா அவ்வப்போது எடுத்துப் பார்த்து மகிழ்வதற்காகவே மகள் பெயரில் வைத்திருந்தவை என்றும் சொல்லலாம். 1820 புத்தாண்டு காலையில் அப்பா அந்தக் காசுகளைக் கேட்கிறார். இல்லை என்கிறாள். யாருக்குக் கொடுத்தாய்? சொல்லமாட்டேன். என் காசுதானே, எனக்கு உரிமை இல்லையா? இருபத்து மூன்று வருஷம் வாய் திறக்காத பெண் கேட்கிற கேள்வி இது. அறையில் அடைத்து வைத்து ரொட்டியும் தண்ணீரும்தான் என்கிறார் அப்பா. வேலைக்காரி நானோன் அவருக்குத் தெரியாமல் இறைச்சிப் பணியாரம் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மாதக்கணக்கில் இது நடக்கிறது. ஊர் பேசத் தொடங்குகிறது. அம்மா படுத்த படுக்கையாகிறாள்.

அப்போதுதான் நோட்டரி க்ரூஷோ வந்து ஒரு சட்ட நுணுக்கத்தை நினைவூட்டுகிறார்: உங்கள் மனைவி இறந்தால் மகள் பங்கு கேட்கலாம். பாசத்தாலும் பக்தியாலும் ஊர்ப்பேச்சாலும் அசையாத மனிதர் அந்த ஒரு வாக்கியத்தில் அசைந்துவிடுகிறார். மகளைக் கொஞ்சுகிறார், மனைவிக்கு வைத்தியம் பார்க்கிறார். 1822-இல் அம்மா இறந்ததும் மகள் முன்னால் ஒரு பத்திரம் நீட்டப்படுகிறது. நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகங்களில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடுகிற விடுதலைப் பத்திரத்தின் பிரெஞ்சுத் தம்பி அது. நோட்டரி எச்சரித்தும் அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். மாதம் நூறு பிராங்கு தருவதாக அப்பா வாக்குக் கொடுக்கிறார். வருஷக் கடைசிவரை ஒரு காசும் தரவில்லை. விளையாட்டாக அவள் கேட்டபோது முகம் சிவந்து, ஷார்லிடமிருந்து தான் மலிவாக வாங்கிய நகைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிறார். அவள் மகிழ்ந்துபோகிறாள், அவை ஷார்லின் நகைகள் என்பதால்.

கேத்தரினுக்கு இப்படிப் பூட்டிய அறை இல்லை. அவளுக்கு ஐரோப்பா. வேறு காற்று பட்டால் மறப்பாள் என்று ஆறு மாதப் பயணமாகக் கூட்டிப் போகிறார் அப்பா. அது ஒரு வருஷமாக நீள்கிறது. ஆல்ப்ஸ் மலையில் ஒரு பொழுது சாயும் நேரம், ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று நின்று கேட்கிறார்: அவனை விட்டுவிட்டாயா? இல்லை என்கிறாள். ஆறு மாதமாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே மென்மையாகத் தெரிந்தாலும் நான் மிகவும் கடினமானவனாக இருக்க முடியும் என்கிற பொருள்பட அவர் சொல்லும்போது, அந்த இடமும் இருட்டும் சேர்ந்து ஒரு கணம் அவளைப் பயமுறுத்துகின்றன. அப்புறம் அவர் வழக்கமான அப்பாவாகி வண்டியை நோக்கி நடக்கிறார். நாவலில் அவர் முகமூடி நழுவுகிற ஒரே இடம். நாடு திரும்பக் கப்பலேறும் முன் மறுபடி கிண்டலுக்கு வந்துவிடுகிறார்: இந்தப் பயணத்தால் உன் ரசனையும் அறிவும் வளர்ந்து மதிப்பு இரட்டிப்பாகிவிட்டது, மோரிஸ் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார், கூடவே ஆட்டைக் கொழுக்க வைத்து வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்ற மகளை ஆடு என்று சொல்லிவிட்டு, சொன்ன வாக்கியத்தின் நயத்தில் மகிழ்கிற மனிதர்.

இந்த இரண்டு அடக்குமுறைகளில் எது கொடியது? ரொட்டியும் தண்ணீரும் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூஜெனி அறைக்குள் இருந்த மாதங்களில், கிராந்தே தோட்டத்துப் பெஞ்சில் மறைவாக உட்கார்ந்து, சன்னல் அருகே மகள் தலைசீவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் தன் வைராக்கியமும் அவருக்குள் மல்லுக்கட்டுகின்றன. அவர் பைத்தியம் தங்கத்தின் மேல். மகள் மேல் அவருக்கு இளக்காரம் இல்லை. அந்தப் பைத்தியத்துக்கு அவள் குறுக்கே வந்துவிட்டாள், அவ்வளவுதான். அவள் எதிர்த்துப் பேசும்போது, இவள் என்னைவிடப் பெரிய கிராந்தே என்று உள்ளூரப் பெருமைப்படவும் செய்கிறார். ஸ்லோப்பர் மகளைப் பூட்டவில்லை, பட்டினி போடவில்லை, கை ஓங்கவில்லை. அவள் விரும்பத்தக்கவள் இல்லை என்பதை மட்டும், ஒரு வருஷ காலம், ஐரோப்பாவின் அத்தனை அழகான இடங்களிலும் வைத்து அவளுக்குப் புரிய வைத்துவிட்டார். இவ்வளவு சுமாரான பெண்ணை ஒருவன் பணத்துக்காகத் தவிர வேறெதற்குக் கட்டுவான் என்பதுதான் அவர் வாதத்தின் அடித்தளம். மோரிஸைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும், திருப்பிப் பார்த்தால், கேத்தரினைப் பற்றிய தீர்ப்பு.

அதனால்தான் அவர் சொன்னது சரியாகிவிடும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஊருக்குத் திரும்பியதும் கேத்தரின் மோரிஸிடம் ஒன்றைச் சொல்கிறாள்: அப்பாவுக்கு என்மேல் பிரியம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை; ஒரு தகவலாகச் சொல்கிறாள். அப்பா சொத்தைத் தரமாட்டார் என்பதும் அதோடு சேர்ந்து புரிந்துவிட, மோரிஸ் வியாபார விஷயமாக வெளியூர் போவதாகச் சொல்லி நழுவுகிறான். இவள் நெஞ்சு முதலில் உடைந்தது ஆல்ப்ஸில். மோரிஸ் வந்து உடைத்தது உடைந்ததைத்தான்.

நடுவில் நிற்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லோப்பர் வீட்டில் அத்தை லவினியா பென்னிமன், பாதிரியாரின் விதவை, காதல் கதைகளில் ஊறியவள். அண்ணன் மகளுக்காக மோரிஸை ஒரு சிப்பிக் கடையில் ரகசியமாகச் சந்தித்துத் திட்டம் தீட்டுகிறாள். அண்ணன் ஊரில் இல்லாத வருஷம் அவனை அண்ணனின் படிப்பறையிலேயே உட்கார வைத்து உபசரிக்கிறாள். நல்லெண்ணம் கொண்ட முட்டாள் குடும்பத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இவளைவிட நல்ல உதாரணம் ஆங்கில நாவலில் எனக்குத் தெரிந்து இல்லை. சோமூரில் இந்த இடத்தில் நிற்பது எழுத்தறியாத நானோன். இவளால் எந்தக் கெடுதலும் வரவில்லை, பணியாரம்தான் வந்தது.

கைவிடப்பட்ட பிறகு இரு மகள்களும் என்ன ஆகிறார்கள் என்பதில்தான் பால்சாக்கும் ஜேம்ஸும் உண்மையாகவே எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். ஷார்ல் ஏழு வருஷம் கழித்து அடிமை வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தோடு திரும்பி வருகிறான். யூஜெனிக்கு ஒரு கடிதம்: ஒரு பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், பழைய பாக்கிக்கு இதோ வட்டியோடு எட்டாயிரம் பிராங்குக்கு உண்டியல். அப்பா அதற்குள் இறந்து, யூஜெனியிடம் ஒரு கோடியே எழுபது லட்சம் பிராங்கு சொத்து இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டின் கோலத்தைப் பார்த்து ஏழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஷார்லின் அப்பா வைத்துவிட்டுப் போன கடன் தீராததால் அவன் கல்யாணம் தடைப்பட்டு நிற்கிறது. யூஜெனி பொறுமையாக உட்கார்ந்து, அத்தனை காலம் காத்திருந்த நீதிமன்றத் தலைவரைக் கூப்பிட்டு, பெயரளவில் மட்டும் மனைவியாக இருப்பேன் என்ற நிபந்தனையில் அவரைக் கட்டிக்கொள்கிறாள். அவர் கையாலேயே ஷார்லின் அப்பா கடன் முழுவதையும் அடைத்து, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்கிறாள். அவளுடைய சொத்தின் அளவைக் கேட்டு ஷார்ல் வாயடைத்து நிற்கிறான். பெருந்தன்மையா, பழிவாங்கலா? இரண்டும்தான். கருவி பணம், ஆள் கிராந்தேயின் மகள்.

கிராந்தே தன் கடைசி வருஷங்களில் அவளுக்கு வாரம் போய்ப் பார்ப்பது, சாவிக்கொத்து, கணக்குப் புத்தகம் எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முப்பத்து மூன்று வயதில் விதவையான யூஜெனி, அப்பா அனுமதித்த தேதியில்தான் கணப்பு மூட்டுகிறாள். அம்மா உடுத்தியது போலவே உடுத்துகிறாள். தர்மங்கள் செய்கிறாள், அப்பா செய்யாதவை. மறுபடி கூடத்தில் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள்; இந்தமுறை ஒரு பிரபு குடும்பம் அவள் கையை எதிர்பார்க்கிறது.

கேத்தரின் பழிவாங்கவில்லை. நல்ல வரன்கள் அவளுக்கும் வருகின்றன: மூன்று பெண் குழந்தைகள் உள்ள வசதியான ஒருவர், பிறகு ஜான் லட்லோ என்ற இளம் வக்கீல், உண்மையாகவே அவளை நேசித்தவர். இருவரையும் மறுக்கிறாள். முதுமையில் அப்பா ஒரு வாக்குறுதி கேட்கிறார்: நான் செத்த பிறகு மோரிஸைக் கட்டமாட்டேன் என்று சொல். அவளுக்கு அவனைக் கட்டும் எண்ணம் துளியும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொத்து முழுக்கக் கிடைக்கும், கிழவர் நிம்மதியாகச் சாவார். சொல்ல மறுக்கிறாள். ஏன் மறுக்கிறாள் என்று விளக்கவும் மறுக்கிறாள். அவளுடைய பிடிவாதம் அவளுக்கே தெரிகிறது. அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. மகளின் காதல் செத்துவிட்ட செய்தியாவது தனக்குக் கிடைக்கட்டுமே என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ; அந்தச் செய்தியைக்கூட அவள் கொடுக்கவில்லை. பெரும் பகுதியை மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் எழுதி வைத்துவிட்டு, உயிலில் கடைசியாக ஒரு நக்கலும் வைத்துவிட்டுச் செத்துப்போகிறார் ஸ்லோப்பர். உயில் எனக்குப் பிடித்திருக்கிறது, வார்த்தைகளை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கலாம் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறாள் கேத்தரின். அப்பாவின் நகைச்சுவையை அவள் பெற்றிருக்கிறாள் என்று சொல்ல நாவலில் இருக்கும் ஒரே தடயம் அதுதான்.

1947-இல் ரூத், அகஸ்டஸ் கோட்ஸ் தம்பதி இந்த நாவலை நாடகமாக்கினார்கள். 1949-இல் வில்லியம் வைலர் அதைப் படமாக்க, கேத்தரினாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதில் முடிவை மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்த மோரிஸை நம்ப வைத்து, இன்றிரவே போய்விடலாம் என்று சொல்லி அனுப்பி, அவன் வண்டியோடு வந்து கதவைத் தட்டும்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு விளக்கோடு மாடியேறுகிறாள். கொடூரத்தை நல்ல ஆசான்களிடம் படித்தவள் நான் என்று அத்தையிடம் சொல்லவும் செய்கிறாள். பிரமாதமான காட்சி, கொட்டகையில் கைதட்டல் உறுதி. ஆனால் அது பால்சாக்கின் கணக்கு. வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் யூஜெனிக்குப் பொருந்துவது அது.

ஜேம்ஸின் நாவலில் தாழ்ப்பாளும் இல்லை, விளக்கும் இல்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு, அத்தை பென்னிமன் ஏற்பாட்டில், தாடி வைத்து, தலைமுடி குறைந்து, சற்றுப் பருத்த மோரிஸ் கூடத்துக்கு வருகிறான். அவனைக் கேத்தரின் அவமானப்படுத்துவதில்லை. நீங்கள் வந்திருக்கக் கூடாது, எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது, மன்னித்துவிட்டேன், ஆனால் நட்புக்கும் இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். வாசலில் அத்தையிடம் அவன் எரிச்சலாகக் கேட்கிறான்: பிறகு எதற்கு இத்தனை காலம் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தாளாம்? தனக்காகத்தான் என்பதைத் தவிர வேறு பதில் அவனுக்குத் தோன்றவில்லை. பென்னிமன் அத்தையும், அதானே, எதற்கு என்று அதே கேள்வியைத் திருப்பிச் சொல்கிறாள்.